போனில் தின்ற முறுக்கு

அப்பாவும் நானும் முறுக்குத் தின்றது பெரும்பாலும் போனில்தான். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் வண்டியில் போகிறவர்களின் வீடுகளில் இதைவிட விசித்திரமான ஏற்பாடுகள் எல்லாம் உண்டு. எங்கள் எதிர்வீட்டு அண்ணன் சத்தீஸ்கர் காட்டிலிருந்தபடி தன் கைக்குழந்தைக்குப் போனில் தாலாட்டுப் பாடுவார். குழந்தை தூங்கியதோ இல்லையோ, அவரோடு வேலை செய்தவர்கள் தூங்கிவிடுவார்களாம்.

அப்பாவும் அதே மாதிரி வண்டியில்தான் இருந்தார். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற அந்தப் பெரிய வண்டியோடு பொங்கல் முடிந்ததும் வடக்கே கிளம்பினால், அங்கே மழை பிடித்து, சேற்றில் வண்டி இறங்கமுடியாமல் ஆகும்போதுதான் வீட்டுக்கு வருவார். கிளம்புவதற்கு முந்தின நாள் ஆட்டையாம்பட்டிக்குப் போய் ஒரே கடையில் இரண்டு தகர டப்பா நிறைய கை முறுக்கு வாங்கி வருவார். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. நடுவில் ஊரிலிருந்து மாற்று ஆள் யாராவது வண்டிக்குப் போனால், அம்மா அவர் கையில் அப்பாவுக்குப் புது டப்பா கொடுத்துவிடுவாள்.

சாயங்காலம் ஆறரை வாக்கில் போன் அடிக்கும். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பட்டன் போன். ஜன்னல் பலகையில் எப்போதும் சார்ஜில் கிடக்கும். அந்நேரத்துக்கு அங்கே வண்டியை நிறுத்தி ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

“எடுத்துட்டியா சாமி?” என்பார் அப்பா.

“எடுத்துட்டனுங்கப்பா.”

“செரி, கடி.”

அந்தப் பக்கம் ஒரு நொறுக், இந்தப் பக்கம் ஒரு நொறுக். பிறகு இன்னொன்று. அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு கேள்வி, அம்மாவைப் பற்றி ஒரு கேள்வி, வைத்துவிடுவார். அப்பாவுக்குப் பேசத் தெரியாது. எனக்கும் தெரியாது. வருஷக்கணக்காக அந்த இரைச்சலில் நின்று அவருக்குக் காதும் கொஞ்சம் மந்தம். நான் சொல்வதில் பாதி கேட்காது, ஆனால் முறுக்குச் சத்தம் மட்டும் தப்பாமல் கேட்கும் என்பார். “உம்பட பல்லுச் சத்தம் இங்க வண்டி வரைக்கும் கேக்குது சாமி” என்று அவர் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். என்னைப் பற்றி யாரும் பெருமையாகச் சொல்ல வேறு எதுவும் அப்போது இருக்கவில்லை.

அம்மா தறிப்பட்டறைக்குப் போனாள். திரும்ப எட்டு மணி ஆகும். நான் பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு வந்து பூட்டைத் திறப்பேன். திறந்ததும் முதல் வேலை டப்பாவை எடுப்பது. பசி என்பது கணக்கிலேயே இல்லை. நொறுக்குத்தீனி தின்னும்போது காதுக்குள் சத்தம் நிறைந்திருக்கும், வீட்டில் ஆளில்லை என்பது தெரியாது. நிறுத்தினால் வீடு மறுபடி சும்மா ஆகிவிடும். அதனால் நிறுத்தமாட்டேன். முறுக்கு முடிந்தால் மிக்சர், மிக்சர் முடிந்தால் முக்குக் கடையில் வர்க்கி, அதை முக்கித் தின்ன மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீ. எட்டு மணிக்கு அம்மா வந்து சோறு போட்டால் அதையும் ஒழுங்காகத் தின்பேன். தின்னவில்லையென்றால் அவள் வருத்தப்படுவாள் அல்லவா.

ஏழாம் வகுப்பு வருவதற்குள் எனக்கு இரண்டு பட்டப்பெயர் சேர்ந்துவிட்டன. முன்பல் இரண்டும் உதட்டைத் தாண்டி எட்டிப் பார்த்ததால் ‘துருவி’. தேங்காய் துருவலாம் என்று அர்த்தம். உடம்புக்கு ‘பிராய்லர்’. ஊரைச் சுற்றிக் கோழிப்பண்ணை இருக்கும்போது குண்டான பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வகுப்பில் இரண்டு பெயர் சம்பாதித்தது நான் ஒருத்திதான். மத்தியானம் சாப்பிடும்போது என் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். உட்கார்ந்தால் அவர்களுக்கும் ஏதாவது பெயர் வந்துவிடும். நான் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிக்கப் பழகியிருந்தேன், சிரிப்பதற்கு ஒன்றும் இல்லாத நாளிலும்.

பல்லுக்கு கிளிப் போடவேண்டும் என்று அம்மா முடிவு செய்தாள். அதை முழுமூச்சாக ஆதரித்தது என் அத்தை, அப்பாவின் தங்கை. அவள் கணக்கு வேறு. “வாய்ல கம்பியக் கட்டுனா அப்புறம் எங்கீங்கண்ணி திங்கறது? ஒரே மாசத்துல புள்ள எளைச்சுப் போயிரும். பல்லுக்குப் பல்லும் ஆச்சு, உடம்புக்கு உடம்பும் ஆச்சு” என்றாள். ஒரே செலவில் இரண்டு வேலை முடிவது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பிடிக்காமல் போனதில்லை.

திருச்செங்கோட்டில் ஒரு பல் டாக்டரம்மா இருந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். பேச்சில் ‘ங்க’ குறைவு, அதனால் அவர் சாதாரணமாகப் பேசினாலும் அம்மாவுக்குத் திட்டுவதுபோல் இருக்கும். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் என்னை எடை மெஷினில் ஏற்றினார். பிறகு நாற்காலியில் சாய்த்து, ஈறை ஒரு கம்பியால் மெல்லத் தொட்டார். ரத்தம் வந்தது.

“முதல்ல கம்பி இல்ல. ஈறு வீங்கியிருக்கு, நாலு பல்லு சொத்தை. அதச் சரி பண்ணிட்டுத்தான் கம்பி” என்றார் அம்மாவிடம். “பல்ல நகர்த்துறது எலும்புக்குள்ள நடக்குற வேலை. ஈறு கெட்டிருந்தா நடக்காது. இவ நாள் முழுக்க ஏதாவது மென்னுட்டே இருக்கா. எச்சில் வாயக் கழுவ நேரமே குடுக்கல. பல்லக் கெடுக்குறதும் அதுதான், எடைய ஏத்துறதும் அதுதான்.”

பிறகு என் பக்கம் திரும்பி, “சாயங்காலம் யாரோட உக்காந்து சாப்பிடுவே?” என்று கேட்டார்.

“எங்கப்பாவோட” என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அவங்கப்பா சத்தீஸ்கர்ல இருக்கறாருங்க டாக்டரு. இவ என்னமோ சொல்றா” என்றாள். முறுக்கு விஷயம் அவளுக்குத் தெரியாது. அவள் பட்டறையில் இருக்கும் நேரத்தில் நடப்பது அது. நான் விளக்கவில்லை. விளக்கினால் அது சின்னதாகிவிடும் என்று தோன்றியது. பஸ்ஸில் வரும்போது அம்மா, “பல்லப் பாக்கறதுக்கு எதுக்கு எடை போடறாங்க, கோழி வாங்க வந்தவங்களாட்ட” என்று முணுமுணுத்தாள். தன் மகளின் பள்ளிக்கூடப் பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள்.

சொத்தை அடைத்து, ஈறு ஆறி, ஒருவழியாகக் கம்பி ஏறியது. ஒவ்வொரு பல்லிலும் பொட்டு வைத்தமாதிரி ஒரு சின்ன இரும்புத் துண்டு, அதன் வழியாக ஒரு கம்பி. கடினமானது எதையும் கடிக்கக்கூடாது, துண்டு பெயர்ந்துவிடும் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொன்னார். முறுக்கு என்று பெயர் சொல்லியே சொன்னார்.

அன்று ஆறரைக்குப் போன் வந்தது. கிளிப் போட்ட சேதி அப்பாவுக்கு ஏற்கெனவே போயிருந்தது. அவர் முதலில் கேட்டதே, “அப்ப முறுக்குத் திங்கலாமா சாமி?” என்றுதான். குரலில் ஒரு பயம் இருந்தது. “திங்கலாம்னுட்டாங்கப்பா” என்றேன். அவர் கடி என்றார், கடித்தேன். இரண்டாவது கடியில் என் வாய்க்குள் முறுக்கு அல்லாத ஏதோ ஒன்று உருண்டது.

பெயர்ந்த துண்டை மறுபடி ஒட்டும்போது டாக்டரம்மா ஒரு வார்த்தைதான் சொன்னார். இன்னொரு தரம் பெயர்த்துக்கொண்டு வந்தால் மொத்தத்தையும் கழற்றி அனுப்பிவிடுவேன். அம்மா வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் தூக்கி எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

மெதுவானதாகக் கொடுங்கள் என்று கம்பி கட்டிய அன்றே டாக்டரம்மா சொல்லியிருந்ததை அம்மா மனப்பூர்வமாக எடுத்துக்கொண்டாள். பல் நோகும் பிள்ளைக்கு எது மெதுவாக இருக்கும்? பாலில் ஊறவைத்த பன், அல்வா, ரவா கேசரி, வாழைப்பழத்தைப் பிசைந்து மேலே நாட்டுச்சர்க்கரை. பட்டறையிலிருந்து களைத்து வந்தும் எனக்காக நெய் ஊற்றிக் கிண்டுவாள். அத்தை வந்து பார்த்துவிட்டு, “எளைச்சுருவான்னு பாத்தா ஊதிக்கிட்டில்லீங்கண்ணி போறா” என்று கவலைப்பட்டாள். கவலைப்பட்டுக்கொண்டே மீதிக் கேசரியைச் சாப்பிட்டாள். அடுத்த தடவை எடை மெஷினில் ஏறியபோது டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். கம்பியைச் சுற்றி மாவாக ஒட்டியிருந்தது. ஈறு மறுபடி சிவந்து வீங்கியிருந்தது.

“இனிப்பு வேண்டாம். வேளைக்கு வேளை சாப்பாடு, நடுவுல ஒண்ணும் கிடையாது. சாயங்காலம் பசிச்சா அவிச்ச முட்டை. தின்னதும் பல் விளக்கணும். நாமக்கல் ஜில்லாவுல இருந்துட்டு முட்டைக்கா பஞ்சம்?” என்றார். அம்மா தலையாட்டினாள். வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஆசையாகச் செய்து கொடுத்ததெல்லாம் பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு ஒரே கவலைதான். முறுக்கு இல்லாமல் ஆறரை மணிக்கு நான் என்ன செய்வது?

அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் போன் நின்றுவிடும் என்று நம்பினேன். எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை. முறுக்கும் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசும்போது என்னையும் ஒரு வார்த்தை விசாரிப்பார், அவ்வளவுதான். எனக்கு இருந்தது அந்த ஐந்து நிமிஷம்தான். அதை விட நான் தயாராக இல்லை.

வழியைக் காட்டியது முட்டைதான். உரித்த ஓட்டை உள்ளங்கையில் வைத்துப் போனுக்குப் பக்கத்தில் நொறுக்கினேன்.

“என்ன சாமி, முறுக்கு நமுத்துப் போச்சா? சத்தம் மெலிசா வருது.”

“டப்பா மூடி செரியில்லீங்கப்பா.”

“அம்மாகிட்டச் சொல்லி வெயில்ல வெக்கச் சொல்லு.”

அவர் சொன்னது நல்ல யோசனை. ஓட்டை வெயிலில் காயவைத்து, இரண்டு மூன்றாகச் சேர்த்து நொறுக்கினால் சத்தம் கெட்டியாக வந்தது. ஜன்னல் பலகையில் ஒரு கிண்ணம் நிறையக் காய்ந்த ஓடு எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். அப்பாவும் அந்தப் பக்கத்திலிருந்து முன்பைவிடப் பலமாகவே நொறுக்கினார். வாயில் ஒன்றுமில்லாமல், கையில் தூளை வைத்துக்கொண்டு, நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். போனை வைத்ததும் வீடு முன்பைவிடச் சும்மா இருக்கும். முன்பாவது மெல்லலாம்.

வேளைக்குச் சாப்பிட்டு, இனிப்பை விட்டு, பல்லை விளக்கி விளக்கி, நான் இளைக்கத்தான் இளைத்தேன். ஈறு ரோஸ் நிறத்துக்கு வந்தது. டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் ‘பிராய்லர்’ மெல்ல வழக்கொழிந்தது. அதற்காக யாரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடவில்லை. கம்பி இருந்ததே.

மழைக்காலத்தில் அப்பா வந்தார். வரும் வழியிலேயே ஆட்டையாம்பட்டியில் இறங்கி முறுக்கு வாங்கி வந்திருந்தார். என்னைப் பார்த்து, “ஊட்ல இருக்கறது எம்புள்ளதானா?” என்று சிரித்தார். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டார். என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவரும் இளைத்திருந்தார். கன்னம் உள்ளே போயிருந்தது. அத்தை வந்தபோது, “அண்ணா, மாப்பளையாட்ட ஆயிட்டீங்க. அப்பனுக்கும் புள்ளைக்கும் ஒரே டாக்டரா?” என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் அப்பாவும் சேர்ந்து இளைத்திருக்கிறோம் என்பது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அவர் ஜன்னல் பக்கம் போனபோது கிண்ணம் கண்ணில் பட்டுவிட்டது. “இது எதுக்கு?” என்றார்.

“ரோசாச் செடிக்குப் போடறாளாட்ட இருக்குதுங்க” என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து. எங்கள் வீட்டில் ரோஜாச் செடியே கிடையாது.

அப்பா ஒரு ஓட்டை எடுத்துக் காதருகே வைத்து நொறுக்கினார். பிறகு தூளைக் கிண்ணத்திலேயே தட்டிவிட்டுக் குளிக்கப் போனார். அவர் வந்து கேட்பார், கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை.

அன்று மாலை அம்மா பட்டறைக்குப் போயிருந்தாள். ஆறரை மணி ஆயிற்று. அப்பா ஒரு தட்டில் முறுக்கைக் கொட்டி எங்கள் நடுவில் வைத்தார்.

“எடுத்துக்க சாமி.”

“நீங்க எடுங்கப்பா.”

இருவரும் எடுக்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் அந்தத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தபோது பக்கத்தில் இருந்த ஆள், பக்கத்தில் வந்ததும் எங்கேயோ போய்விட்டார். கடைசியில் அவர் ஒன்றை எடுத்து டீயில் முக்கினார். அது ஊறிக் குழைந்த பிறகு கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார். முறுக்கை யாராவது அப்படித் தின்பார்களா? என்னோடு சேர்ந்து கடிக்க அவருக்கு இஷ்டமில்லை என்று எடுத்துக்கொண்டேன். பொய் சொன்னதற்குத் தண்டனை என்றும் தோன்றியது.

மறுநாள் அவர் பையை அம்மா துவைக்கக் கொட்டியபோது, கடைசியாக நாங்கள் கொடுத்தனுப்பிய தகர டப்பா உருண்டு வந்தது. கனமாக இருந்தது. திறந்தேன். முறுக்கு அப்படியே நிறைய இருந்தது, சிக்கு வாடை அடித்தது. அதன் மேல் நன்றாகக் காய்ந்த தேக்கிலை நாலைந்து மடித்து வைத்திருந்தது. இலையைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். என் கண் முறுக்கின் மேல்தான் இருந்தது. இவர் ஒன்றுகூடத் தின்னவில்லை. அப்படியானால் மாதக்கணக்காகப் போனில் நொறுக்கியது யார்?

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். வண்டியில் ஒரு சமையல்காரர் உண்டு, போனில் அவர் இருமுவது கேட்கும். அவர் தனக்கென்று வைத்திருந்த முறுக்கை அவரையே கடிக்கச் சொல்லிவிட்டு அப்பா சும்மா போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். என்னோடு முறுக்குத் தின்றது ஒரு சமையல்காரர். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்பா என்னை விரும்பவில்லை என்று அவ்வளவு தெளிவாக நான் வேறு எப்போதும் நம்பியதில்லை.

மழை விட்டதும் அவர் திரும்பப் போனார். போய்ச் சேர்ந்த அன்றே ஆறரைக்குப் போன் வந்தது. “எடுத்துட்டியா சாமி?” என்றார். ஒன்றும் நடக்காததுபோல அந்தப் பக்கம் நொறுக்கென்றது. சமையல்காரராகவே இருக்கட்டும் என்று நானும் என் ஓட்டை நொறுக்கினேன். கோபித்துக்கொண்டு போனை வைக்கும் அளவுக்கு எனக்கு வசதி இல்லை.

அம்மா உண்மையைச் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு. எனக்குக் கம்பி ஏறிய அதே வருஷம்தான் அப்பாவின் பற்கள் கடைவாயில் தொடங்கி ஒவ்வொன்றாக ஆடிப் போயின. உடம்பில் சர்க்கரை இருந்தது யாருக்கும் தெரியவில்லை, கூடவே வாயில் எந்நேரமும் புகையிலை, தூக்கம் வராமலிருக்கச் சர்க்கரை போட்ட டீ. ஈறு வெந்து, வலி பொறுக்கமுடியாதபோது அங்கே ஏதோ ஒரு ஊரில் பிடுங்கிக்கொண்டு வண்டிக்கே திரும்பிவிடுவார். அத்தை மெச்சிய இளைப்பு அதுதான். டாக்டரம்மா என் ஈறைத் தொட்டுப் பார்த்துச் சொன்னதெல்லாம் அவர் ஈறுக்கும் பொருந்தும். அவரை எடை மெஷினில் ஏற்ற அங்கே ஆள் இல்லை. ஈறு ரொம்பக் கெட்டுவிட்டதால் பல் செட்டும் சரியாக உட்காராமல் போயிற்று.

புள்ளைக்குத் தெரியவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பல் பிடுங்குவதைக் கேட்டால் பயந்துபோய்க் கம்பியைக் கழற்றிவிடுவாள் என்று பயந்தாராம். போனுக்குப் பக்கத்தில் காய்ந்த தேக்கிலையைக் கையில் கசக்கினால் முறுக்குச் சத்தம் வரும் என்று அவரே கண்டுபிடித்திருக்கிறார். எதற்கு இந்தக் கூத்து, சொல்லிவிட வேண்டியதுதானே என்று அம்மா கேட்டாளாம். “முறுக்கு இல்லீன்னா அவகிட்ட நான் என்னத்தப் பேசறது?” என்றாராம் அப்பா.

எனக்குக் கம்பி கழற்றிய நாள், அம்மா இதைச் சொல்வதற்கு வெகு முன்னால். ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார். கை வழக்கப்படி வாய்க்குப் போயிற்று, அவர் அதைப் பிடித்துக் கீழே இறக்கினார். இனிமேல் எதையும் கடிக்கலாம், ஆனால் பழைய மாதிரி நாள் முழுக்கக் கூடாது என்றார். வழியில் அம்மா முறுக்கு வாங்கித் தந்தாள்.

ஆறரைக்குப் போன் வந்தது.

“எடுத்துட்டியா சாமி?”

“எடுத்துட்டனுங்கப்பா.”

கடித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“இதானுங்க சாமி முறுக்கு” என்றார் அப்பா. குரல் என்னவோபோல் இருந்தது. “இன்னொண்ணு கடி.”

கடித்தேன்.

“இன்னொண்ணு.”

“நீங்க கடிக்கலீங்களாப்பா?”

“நீ கடி சாமி. நாங் கேக்கறேன்.”

சமையல்காரரிடமும் முறுக்குத் தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. அம்மா வந்ததும், அடுத்த ஆள் போகும்போது அப்பாவுக்கு இரண்டு டப்பாவாகக் கொடுத்துவிடச் சொன்னேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரி என்றாள். இரண்டு டப்பாவும் கொடுத்துவிட்டாள்.